குடியிருப்பு வாசல் பாதுகாப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குடியிருப்புகளின் வாசலில் கேமரா, கார்டு ரீடர், பேரியர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் 22 வருடமாக என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மதில், கேட், காவலாளி என்று குடியிருப்புகள் தங்களை மூடிக்கொள்ளும் வழக்கம் எப்போது வந்தது சார்?

கோட்டை வாசல் பழைய கதை. குடும்பங்கள் சேர்ந்து வாழும் இடத்துக்குத் தனி கேட் என்றால், நியூ ஜெர்சியில் 1850களில் உருவான லுவெலின் பார்க்கும், நியூயார்க் மாநிலத்தில் 1880களில் வந்த டக்சிடோ பார்க்கும் நல்ல உதாரணங்கள். இரண்டிலும் நுழைவாயிலில் காவல் வீடு இருந்தது. இரண்டுமே பணக்காரர்களின் இடங்கள்.

எனக்குப் பிடித்தது பாரிஸ் அடுக்குமாடிகளின் கதை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே வாசலை ஒட்டிய சின்ன அறையில் கான்சியேர்ஜ் என்ற வாயில்காப்பாளர் குடியிருப்பார். இரவில் யாராவது வந்து குரல் கொடுத்தால், அறைக்குள் இருந்தபடியே ஒரு கயிற்றை இழுப்பார். தெருக்கதவின் தாழ் விலகும். இன்று நாம் போனில் பட்டனைத் தொட்டுக் கதவைத் திறக்கிறோமே, அதே வேலைதான். ஆனால் வந்தவரின் குரலே அவருக்கு அத்துப்படி. அந்த அறிமுகத்தைத்தான் அப்புறம் வந்த ஒவ்வொரு கருவியும் எண்ணாகவோ படமாகவோ மாற்றப் பார்த்தது.

கேள்வி: வீடியோ டோர்போன் சமீபத்திய கண்டுபிடிப்புதானே?

இல்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966இல் இதற்குக் காப்புரிமை கேட்டார், 1969இல் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரங்களில் பார்வைத் துளைகள், அவற்றுக்கு நேராக ஏறி இறங்கும் கேமரா, உள்ளே திரை, பேச மைக், தூரத்திலிருந்தே தாழ் திறக்க ஒரு சுவிட்ச். இன்றைய டோர்போனில் இருப்பவை எல்லாம் ஏறக்குறைய அதிலேயே இருந்தன. இரவில் வீட்டில் தனியாக இருக்க நேர்ந்த ஒரு பெண்ணின் பயத்திலிருந்து பிறந்த கருவி அது.

ஒரு எச்சரிக்கை. டோர்போன் வாங்கும்போது, தாழைத் திறக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வெளியே மாட்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தால், திருகைக் கழற்றி இரண்டு வயரைச் சேர்ப்பவருக்கு வாசல் திறந்துவிடும். ரிலே கதவுக்கு உள்பக்கம்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் கார்டு தட்டினால்தான் கதவு திறக்கும். அதைக் காப்பி எடுக்கலாம் என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் உண்மை. சாவி இல்லாமல் ரேடியோ அலையால் கதவைத் திறக்கும் யோசனைக்கு சார்லஸ் வால்டன் 1973இலேயே காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்த 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகள் இன்னும் ஏராளமாகப் புழங்குகின்றன. அவற்றில் சாதாரண ரகம், பக்கத்தில் வரும் எந்த ரீடரிடமும் தன் எண்ணை அப்படியே ஒப்பித்துவிடும். சின்னக் கருவி ஒன்று இருந்தால் சில நொடிகளில் நகல் தயார். 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு என்றதும் நிம்மதி அடைய வேண்டாம். அதில் மிகப் பரவலாக இருந்த ஒரு பழைய ரகத்தின் ரகசிய முறையை ஆய்வாளர்கள் 2008இல் உடைத்துக் காட்டினார்கள். ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கம் உள்ள கார்டா என்று கேட்டு வாங்குங்கள்.

பலரும் பார்க்க மறப்பது ரீடரின் பின்பக்கம். மூடியைக் கழற்றினால் பச்சை, வெள்ளை என்று இரண்டு வயர்கள் தெரியும். வீகண்ட் என்ற பழைய முறையில் கார்டு எண் அவற்றின் வழியே ஒளிவு மறைவில்லாமல் போகிறது. நடுவில் ஒரு சின்ன சர்க்யூட்டை ஒட்டவைத்தால் போதும், தட்டும் எல்லோருடைய எண்ணையும் பிடித்துவிடலாம். புதிதாகப் போடுபவர்கள் வீகண்டுக்குப் பதில் ஓஎஸ்டிபி என்ற புதிய முறையைக் கேளுங்கள். எண்ணைக் குறியாக்கி அனுப்பும் அதன் பாதுகாப்பான இணைப்பையும் இயக்கச் சொல்லுங்கள். இயக்காமலே விட்டுப் போன இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பேரியர் கட்டை என் பைக் மேல் விழுந்துவிட்டது. சென்சார் இருந்தும் ஏன்?

தரைக்குள் புதைத்த லூப் என்ற வயர்ச் சுருள், உலோகத்தை வைத்துத்தான் வண்டியை உணர்கிறது. கார் பெரிய உலோகத் தகடு மாதிரி. பைக் லூப்புக்கு மெலிதாகத்தான் தெரியும். லூப்போடு ஒளிக்கதிர் சென்சாரும் வேண்டும். இருசக்கர வண்டிக்கும் நடப்பவர்களுக்கும் தனி வழி இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: காவலாளிச் செலவைக் குறைத்து எல்லாவற்றையும் ஆப்பில் கொண்டுவரலாம் என்று கமிட்டியில் பேச்சு. உங்கள் கருத்து?

ஆப்பால் நன்மை உண்டு. பழைய விசிட்டர் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நூலில் கட்டிய பேனா, ஒன்பது இலக்கத்தில் நின்றுபோன போன் நம்பர், 'மேற்படி' என்று பக்கம் முழுக்க இறங்கும் இரட்டைக் கோடுகள். யார் வீட்டுக்கு யார், எத்தனை மணிக்கு வந்தார் என்பதை அடுத்து வருபவர் எல்லாம் படிக்கலாம். வீட்டுக்காரர் முன்கூட்டியே அனுப்பும் ஓடிபி இதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு இரவை நான் மறக்கவே மாட்டேன். நானே பொருத்திக் கொடுத்த இடம் அது. நெஞ்சுவலி என்று ஒருவர் ஆம்புலன்ஸை அழைத்தார். வண்டி கேட்டில் நின்றது. விதிப்படி காவலாளி ஆப்பில் அனுமதி கேட்டார். கேட்ட செய்தி போனது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தவரின் போனுக்கு. கட்டையைக் கையால் தூக்கும் சாவி ஆபீஸ் மேஜைக்குள் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து மேஜையை உடைத்து எடுத்தான். அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் கையெழுத்துப் போடும் எந்த வேலையிலும் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுப்பதில்லை: ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் யார் அனுமதியும் தேவையில்லை, கையால் திறக்கும் சாவி கேபினிலேயே தொங்க வேண்டும், யாரையும் கேட்காமல் திறக்கும் அதிகாரம் காவலாளிக்கு எழுத்தில் இருக்க வேண்டும். ஆளை எடுத்துவிட்டால் அந்த மூன்றாவதை எந்த மெஷினிடம் கொடுப்பீர்கள்?

கேள்வி: கரண்ட் போனால் கதவு பூட்டிக்கொள்ளுமா, திறந்துகொள்ளுமா?

தாழைப் பொறுத்தது. காந்தப் பூட்டு கரண்ட் இருக்கும் வரைதான் பிடிக்கும், போனால் விட்டுவிடும். கதவுச் சட்டத்தில் பொருத்தும் மின்தாழான எலக்ட்ரிக் ஸ்டிரைக்கில், கரண்ட் போனால் திறக்கும் ரகமும் உண்டு, பூட்டியே இருக்கும் ரகமும் உண்டு. எந்த ரகமானாலும், உள்ளே இருப்பவர் கார்டோ சாவியோ இல்லாமல் கையால் திறந்து வெளியேற முடிய வேண்டும். தீ அலாரம் அடித்தால் காந்தப் பூட்டு தானே விட வேண்டும். இந்த வாரமே மெயினை அணைத்துச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு வீட்டில் வேலை செய்கிறேன் அண்ணா. தினமும் ஆறு பேரிடமும் ஓகே வாங்கிய பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். போகும்போது பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். இது சரியா?

சரியில்லை அம்மா. தினமும் வருபவருக்கு நாளும் நேரமும் குறித்த நிரந்தர பாஸ் கொடுப்பது பெரும்பாலான ஆப்களில் சில நிமிட வேலை. கமிட்டியில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: நல்ல சட்டை போட்டுக்கொண்டு, முன்னால் போகிறவர் பிடித்த கதவில் பின்னாலேயே நுழைகிறவரை யாரும் நிறுத்துவதில்லை. வாசல் ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான். பத்து வருடமாக முகம் தெரிந்தவரின் பையைக் கொட்டுவது அவமானப்படுத்துவது. அதில் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை.

கேள்வி: முகம் பார்த்துத் திறக்கும் மெஷின் போடலாமா?

விரும்புகிறவர்களுக்கு மட்டும். கார்டு தொலைந்தால் மாற்றலாம். முகத்தை மாற்ற முடியாது. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2019இல் வெளியிட்ட சோதனையில், வயது, பாலினம், இனத்தைப் பொறுத்துப் பல மென்பொருள்களின் தவறு விகிதம் மாறுவது தெரிந்தது. முதியவர்களையும் குழந்தைகளையும் வேறொருவராக எடுத்துக்கொள்ளும் தவறு கூடுதல். போட்டோவைக் காட்டிச் சோதித்துப் பாருங்கள். வீட்டைக் காலி செய்தவரின் பதிவை யார், எப்போது அழிப்பார் என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: மதிலை உயர்த்தினால் திருட்டு குறையுமா?

ஏறுவது கடினமாகும். ஆனால் ஏறிக் குதித்தவரைத் தெருவில் போகிறவர் கண்ணிலிருந்து மறைப்பதும் அதே மதில்தான். பார்க்கிற கண்கள்தான் தெருவைக் காக்கும் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் சொன்னது இன்றும் பொருந்தும். நான் கம்பி வேலியைத்தான் சொல்வேன்.

கேள்வி: இரவுக் காவலாளி தூங்குகிறார். ஆளை மாற்றிவிடலாமா?

முதலில் இரவு இரண்டு மணிக்கு அவர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். கேபினுக்குள் பளிச்சென்று டியூப்லைட், வெளியே இருட்டு. கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும், கேட் தெரியாது. உள்ளே வெளிச்சத்தைக் குறைத்து, வெளியே வருபவரின் முகத்தில் விழும்படி விளக்கு போடுங்கள். 12 மணி நேர ஷிப்டை எட்டாக்குங்கள். பக்கத்திலேயே கழிப்பறை கொடுங்கள். ஒரு மாதம் இப்படி ஓடட்டும். அதற்குப் பிறகும் தூங்கினால் ஆளை மாற்றுவது பற்றிப் பேசலாம்.