ஐ7 ஸ்டிக்கருக்கு அஞ்சாயிரம் கூட குடுக்கணுமா?

கேள்வி: சார், பொண்ணுக்கு பிசிஏ சீட் கிடைச்சிருக்கு, ஹாஸ்டல்ல தங்கப் போறா. கடையில ரெண்டு லேப்டாப் காட்டுனாங்க, ஒண்ணு ஐ7-1355யு, 8 ஜிபி ரேம், இன்னொண்ணு ஐ5-1335யு, 16 ஜிபி. ஐ7 அஞ்சாயிரம் ஜாஸ்தி. "படிக்கிற புள்ளைக்கு ஐ7 இல்லாம எப்படிம்மா"ங்கறாரு கடைக்காரர். தம்பி பையன் என்னடான்னா ரைசன் 5 7520யு போதும்ங்கறான். யார் சொல்றத கேக்குறது?
- வாசகி, கரூர்

பதில்: ரெண்டு பேர் சொல்றதையும் விடுங்கம்மா, அந்த ஐ5, 16 ஜிபியவே எடுங்க.

ஏன்னா ஐ7, ஐ5ங்கறது இன்டெல் பிராசஸர், அதாவது லேப்டாப்போட மூளை மாதிரி இருக்கற சிப்பு. அந்த ஐ7லயும் 10 கோர் (சிப்புக்குள்ள தனித்தனியா வேலை செய்யற பாகம்), இந்த ஐ5லயும் 10 கோர், ரெண்டுலயும் பெரிய கோர் 2, சின்ன கோர் 8 அவ்ளோதான், வேகம் மட்டும் உச்சத்துல 5.0 கிகாஹெர்ட்ஸ், 4.6 கிகாஹெர்ட்ஸ்னு வித்தியாசம், அதுவும் மெல்லிசு லேப்டாப் கொஞ்சம் சூடாச்சுன்னா ரெண்டும் இறங்கிடும். இது புதுக்கதை இல்ல, 2016ல வந்த ஐ7-7500யு, ஐ5-7200யு ரெண்டுமே வெறும் 2 கோர்தான், நானும் அந்த ஐ7ஐ பெருமையா வாங்குன ஆளுதான், சிரிக்காதீங்க. ஆனா ரேம், அதாவது ஓடிட்டிருக்கற வேலையெல்லாம் வெச்சுக்கற மெமரி, அப்படி இல்ல. விண்டோஸ் 11, குரோம்ல பத்து டேப், கூடவே மொபைல் ஆப் எழுதற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோனு ஓட்டுனா 8 ஜிபி மூச்சு வாங்கும்.

தம்பி பையன் சொன்ன ரைசன் (ஏஎம்டி கம்பெனி சிப்பு) நம்பர்ல ஒரு சூட்சுமம் இருக்கு. 7520ல முதல் 7ஐ பாத்து புதுசுன்னு நினைச்சிட்டாரு, பாக்க வேண்டியது மூணாவது நம்பர். அங்க 2 இருந்தா 2019ல வந்த ஜென் 2ங்கற பழைய தலைமுறை சிப்பு டிசைன், பழைய கள்ளு புது மொந்தை, 4 கோர்தான், ரேமும் போர்டோட ஒட்டியே வரும், பின்னால ஏத்த முடியாது. அதே ரைசன் 5ல 7530யுன்னா ஜென் 3, 6 கோர், அது கிடைச்சா தாராளமா யோசிக்கலாம்.

கடைசி எழுத்து யுன்னு இருக்கறது நல்லதுதான், 15 வாட் சிப்பு. ஹெச்னு போட்டது 45 வாட், ஃபேன் சத்தம், செங்கல் மாதிரி சார்ஜர், நாலு பேருக்கு ஒரு பிளக் பாயிண்ட் இருக்கற ரூம்ல பாவம் புள்ள. கேம், வீடியோ எடிட்டிங்னா மட்டும் அது.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி ரேம் ஸ்லாட் காலியா இருக்கா, எஸ்எஸ்டி (ஃபைல் சேமிக்கற இடம்) 512 ஜிபியானு கேட்டு பில்லுல மாடல் நம்பரை முழுசா எழுத சொல்லுங்க, வெறும் "ஐ5 லேப்டாப்"னு எழுதுனா ஒத்துக்காதீங்க.