கவச வண்டியிலிருந்து இறங்கியதும் வீரர்கள் தடுமாறுவது ஏன்?

உடல் தகுதி குறைந்துவிட்டது என்று நீங்கள் சந்தேகிக்கலாம். பெரும்பாலும் காரணம் அது அல்ல. நடந்து பழகிய சிறு காலாட்படைக் குழுவான செக்‌ஷன் வண்டிக்கு மாறியபின் இறங்கிய முதல் சில நிமிடங்கள் திணறுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது திசையுணர்வை. நடப்பவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறான். மூடிய வண்டிக்குள் இருப்பவனுக்குப் பெரிஸ்கோப் என்ற, உள்ளிருந்தே வெளியே பார்க்கும் கருவியில் தெரியும் சிறு துண்டு மட்டும்தான். கதவு திறக்கும்போது அவன் எதிர்கொள்வது அறிமுகமே இல்லாத இடம்.

சோதித்துப் பாருங்கள்:

1. கதவுகளை மூடி, பல திருப்பங்களுடன் 20 நிமிடம் ஓட்டுங்கள்.

2. வண்டி முழுதாக நின்று, ஓட்டுநர் சைகை தந்தபின் இறக்குங்கள். 15 விநாடிக்குள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வடக்கு, எதிரி வரும் திசை, அருகிலுள்ள மறைவு மூன்றையும் கைகாட்டட்டும். திசைகாட்டி வேண்டாம், வண்டியின் இரும்பு முள்ளை இழுக்கும், சுமார் 18 மீட்டராவது விலகினால்தான் நம்பலாம்.

தலைவர் மட்டும் சரியாகக் காட்டினால், அவருக்குத் தெரிவது பின்னால் இருப்பவர்களுக்குப் போகவில்லை. இறங்குவதற்கு 2 நிமிடம் முன்பு "வண்டி மூக்கு 12 மணி, எதிரி 2 மணி, ஓடை 10 மணி" என்று, வண்டியின் முன்பக்கத்தைக் கடிகாரத்தின் 12 ஆக வைத்துத் திசைகளை உரக்கச் சொல்லும் வழக்கம் வந்தால் பெரும்பாலும் சரியாகும். இரவில் உள்ளே மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எரியட்டும். வெள்ளை வெளிச்சத்தில் இருந்து இறங்கினால் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும்.

எல்லோரும் சரியாகக் காட்டியும் மெதுவாகவே நகர்ந்தால் உங்கள் சந்தேகம் சரியாக இருக்கலாம். அப்போது வண்டியில்லாத சுமைநடையும் குழி தோண்டலும் பயிற்சி அட்டவணைக்குத் திரும்ப வேண்டும்.