பம்பை யார் பழுதுபார்ப்பது?

அன்புள்ள அம்மா,

வணக்கம். எனக்கு வயது 26, மென்பொருள் வேலை. அடுத்த மாதம் ஒரு தன்னார்வக் குழுவோடு இரண்டு வாரம் ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி போகிறேன். ஒரு கிராமத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கைபம்பு பொருத்துகிறோம். நண்பர்களிடம் பணம் திரட்டினேன், என் முதல் போனஸையும் போட்டிருக்கிறேன். அலுவலகத்தில் ஒருவர், “விமான டிக்கெட் காசை அனுப்பினாலே போதுமே, நீ போட்டோ எடுக்கத்தானே போகிறாய்?” என்றார். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. நான் போவது சரியா? குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் பம்பு ஒன்றைக் காணொளியில் பார்த்தேன், அது நல்லதா? கிணற்றுக்குப் பதில் குளோரின் கொடுத்தால் போதாதா? எங்கள் திட்ட அறிக்கையை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த மனிதருக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் எந்த டிக்கெட் காசையும் எங்கேயும் அனுப்பப் போவதில்லை. முதல் போனஸை முன்பின் தெரியாத ஊரின் தண்ணீருக்கு எடுத்து வைக்கிற மனசு லேசில் வராது, தம்பி. ஒரு கிண்டலுக்கு அதை விலையாகக் கொடுத்துவிடாதீர்கள்.

ராட்டினத்தை மறந்துவிடுங்கள். 2006-இல் அதற்குக் கோடி கோடியாகப் பணம் அறிவித்தார்கள். குழந்தைகள் சலித்துப்போய் ஓடிவிட, குடத்தோடு வந்த பெண்கள்தான் அதைத் தள்ளிச் சுற்ற வேண்டியிருந்தது. சில வருடங்களில் கதை முடிந்தது.

உங்கள் திட்ட அறிக்கைக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ‘பராமரிப்பை உள்ளூர் மக்கள் குழு அமைத்துத் தன்னார்வத்தோடு கவனித்துக்கொள்வார்கள்.’ இந்த வரி எனக்குப் பழைய பகையாளி. ஒரு சிறிய அறக்கட்டளையில் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சில காலம் இருந்தேன். எந்த நாட்டு விண்ணப்பமானாலும் கடைசிப் பக்கத்தில் இது உட்கார்ந்திருக்கும். “பம்பு நின்றால் யார் வருவார், அவருக்குக் கூலி யார் தருவார்?” என்று ஒருமுறை கேட்டேன். மூத்த அறங்காவலர் ஒருவர் சிரித்தார். “கிணறு என்றால் காசு வரும், கல்வெட்டில் பேர் போடலாம். வாஷருக்கு யாரம்மா நன்கொடை தருவான்?” அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை அந்தச் சிரிப்பின் மேல் எனக்குக் கோபம்.

2009-இல் கிராமப்புற நீர் வழங்கல் வலையமைப்பு என்ற சர்வதேச அமைப்பு ஒரு கணக்கைத் தொகுத்தது. சஹாராவுக்குத் தெற்கே 20 நாடுகளில் இருந்த கைபம்புகளில் சராசரியாக 36 சதவீதம் வேலை செய்யவில்லை. மூன்றில் ஒன்றுக்கும் மேல். அத்தனைக்கும் திறப்பு விழா நடந்திருக்கும். மாலை போட்டிருப்பார்கள். உங்களைப் போல யாரோ ஒரு பிள்ளை முதல் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பான். இந்த ஆரம்ப சூரத்தனத்துக்கு மட்டும் உலகத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை.

நீங்கள் மலாவியில் பொருத்தப்போவது அநேகமாக ஆஃப்ரிடெவ் பம்பாக இருக்கும். அங்கே அதுதான் பொதுப் பம்பு. 1980-களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவாக்கியது. அதற்கு முன்பு வந்த இந்தியா மார்க் 2 முரட்டு உழைப்பாளி, ஆனால் அடியில் இருக்கும் வாஷரை மாற்றக் குழாய்த்தொடர் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். வண்டியும் முக்காலியும் நாலைந்து ஆள்களும் தேவை. ஆஃப்ரிடெவ்வில் குழாயைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் வெளியே இழுத்துவிடலாம். ஒரு ஸ்பானர், ஒரு கொக்கி, தேய்ந்த ரப்பர் சீலுக்குப் பதில் புதியது ஒன்று. ஊர்ப் பெண்களே செய்துவிடலாம். அருமையான யோசனை, குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் அதை வைத்து நம்மைப் போன்ற தர்மவான்கள் என்ன செய்தோம்? ‘நீங்களே சரிசெய்துகொள்ள முடியும்’ என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினோம். உங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் நின்றால் நீங்கள் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்களா? தெருக் குழாய் உடைந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து கணக்கு நோட்டு எழுதுகிறீர்களா? போன் செய்து சத்தம் போடுகிறீர்கள். சம்பளம் வாங்கும் ஒருவர் வருகிறார். காட்டு வேலையும் வீட்டு வேலையும் பிள்ளையும் பார்க்கிற ஒரு பெண்ணிடம் போய் மட்டும் பொருளாளர், மெக்கானிக், வசூல்காரி எல்லாம் நீதான், கூலி கிடையாது, இது உன் பங்களிப்பு என்கிறோம். நீங்கள் இரண்டு வாரம் சேவை செய்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். அவளுடைய சேவைக்கு முடிவுத் தேதி போடவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. அறிக்கையில் ‘தன்னார்வம்’ என்று எழுதியது உங்கள் குழு.

கென்யாவின் கியூசோ பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வேறு மாதிரி செய்துபார்த்தார்கள். பம்பின் கைப்பிடிக்குள் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். கைப்பிடி எவ்வளவு அசைகிறது என்று அது குறுஞ்செய்தி அனுப்பும். அசைவு நின்றால் கூலிக்கு அமர்த்திய மெக்கானிக் கிளம்புவார். பழுதான பம்பு முன்பு சராசரியாக 27 நாள் சும்மா நின்றது, அது மூன்று நாளுக்கும் கீழே வந்தது. சொன்னபடி ஆள் வர ஆரம்பித்த பிறகு காசு கொடுக்கவும் ஊர்கள் முன்வந்தன. ஏழைகள் பணம் கட்ட மாட்டார்கள் என்று அடித்துப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதம் வறண்டு கிடக்கும் பம்புக்கு நீங்கள் கட்டுவீர்களா?

தண்ணீரைச் சோதிப்பதும் இதே கூலி வேலைதான். வங்கதேசத்தில் கிருமிக்குப் பயந்து லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். 1993-இல் அந்தத் தெளிந்த தண்ணீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பது தெரிந்தது. பிறகு சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் அடித்தார்கள். பெரிய காரியம். ஆனால் வண்ணம் மங்கியது, புதுக் கிணறுகள் சோதனையே இல்லாமல் முளைத்தன. மறுபடி தூரிகையோடு வரவேண்டிய ஆளுக்குப் பல வருடம் யாரும் போதுமான சம்பளம் ஒதுக்கவில்லை.

மலாவியில் ஏரியா மெக்கானிக் என்றே ஆள்கள் இருக்கிறார்கள். ஒருவர் பல பம்புகளைப் பார்ப்பார். பெரும்பாலும் ஊர் கொடுப்பதுதான் அவருக்கு வரும்படி. நீங்கள் போகும் வட்டாரத்தில் அவர் யார் என்று உங்கள் குழுத் தலைவரிடம் இன்றே கேளுங்கள். பெயர் தெரியாது என்றால் சண்டை போடுங்கள். புதுக் கிணறு போடும் முன் பக்கத்து ஊர்களில் நின்றுபோன பம்புகள் எத்தனை என்று கேளுங்கள். திரட்டிய பணத்தில் ஒரு பகுதியை அந்த மெக்கானிக்கின் கூலிக்கும் உதிரி பாகங்களுக்கும் பல வருடக் கணக்கில் ஒதுக்கச் சொல்லுங்கள். நன்கொடை தந்த நண்பர்கள் முகம் சுளித்தால் என் பதிலைக் காட்டுங்கள், என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

குளோரின் கேட்டிருந்தீர்கள். கிருமியைக் கொல்லும். குடத்தில் வைத்த தண்ணீருக்கும் கொஞ்ச நேரம் காவல் இருக்கும். ஆர்செனிக்கையும் ஃபுளோரைடையும் ஒன்றும் செய்யாது. தீர்ந்துபோனால் அடுத்த பாட்டிலை யார் கொண்டுவருவார் என்ற அதே கேள்விதான்.

போகலாமா என்றால், போங்கள். கிணறு தோண்ட உங்கள் கை அங்கே தேவைப்படாது, துளைக்கும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஒரு நாள் கூலியைக் கொடுத்து அந்த மெக்கானிக்கோடு சுற்றி வாருங்கள். போட்டோ எடுப்பதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். டைஃபாய்டு ஊசியும் மலேரியா மாத்திரையும் மறக்க வேண்டாம்.