1973 சிங்கப்பூர்: நீள முடிக்காக நிறுத்தினார்களா?

1973-இல் முடி கொஞ்சம் நீளமாக இருந்ததற்காக சிங்கப்பூர் குடிநுழைவில் (இமிக்ரேஷனில்) தன்னை நிறுத்தினார்கள் என்று உங்கள் சித்தப்பா சொன்னது நம்பத்தக்கதே. ஹிப்பி கலாச்சாரமும் போதைப்பொருளும் பரவும் என்ற அச்சத்தில், நீள முடி வைத்த ஆண் பயணிகளை 1970-களில் சிங்கப்பூருக்குள் விட மறுத்தார்கள். முடியை வெட்டிக்கொண்டால் விட்டார்கள். 1972-இல் லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவுக்கும் இதே கதிதான்.

"கொஞ்சம்தான் நீளம்" என்கிறீர்கள். அளவுகோலே அவ்வளவு கறாரானது: முன்முடி புருவத்தைத் தொடக்கூடாது, பக்கமுடி காதை மூடக்கூடாது, பின்முடி சட்டைக் காலருக்குக் கீழே இறங்கக்கூடாது. அவருடைய அந்தக் காலப் படங்களில் இந்த மூன்று இடங்களையும் பாருங்கள்.

ஆண்டைச் சரிபார்க்க, எந்த விமான நிலையம் என்று கேளுங்கள். 1973 என்றால் பாய லேபார். சாங்கி என்றால் ஆண்டு தவறு. அது 1981-இல்தான் திறந்தது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். "நீள முடி ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை" என்ற அறிவிப்பு அரசு அலுவலகங்களில் உள்ளூர்க்காரர்களையும் காக்கவைத்தது. அந்தப் பலகையை நினைவுகூர்ந்தால் மட்டும் குடிநுழைவில் தடுத்ததாக ஆகாது.