நார்வே ஃபியோர்டுப் பக்கம் காரில் நான்கு நாள்: வாசகர் கேள்விகள்

பெர்கனில் இறங்கி, கார் எடுத்து, நான்கு நாளில் ஹார்டாங்கர், ஃப்ளோம், கெய்ராங்கர், ட்ரோல்ஸ்டிகன் எல்லாம் பார்த்துத் திரும்பலாமா? மேப்பில் எல்லாம் பக்கத்தில்தான் இருக்கிறது. (கோவை வாசகர்)

பார்க்கலாம், கார் கண்ணாடி வழியாக. ஃபியோர்டு என்பது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளமாக நுழைந்திருக்கும் கடல். அதனால் இங்கே சாலை தண்ணீரைச் சுற்றி வளைத்துத்தான் போகும். இல்லையென்றால் ஃபெரி வரும்வரை நிற்கும். ஊருக்கு வெளியே வேக வரம்பு பொதுவாக 80. அதையும் தொட முடியாத வளைவுகள் ஏராளம். பெர்கனிலிருந்து கெய்ராங்கர் போக ஒரு பகல், திரும்ப இன்னொரு பகல். நான்கில் இரண்டு போய்விட்டதா? கெய்ராங்கரை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள். அப்போது அதற்குப் பக்கத்து விமான நிலையமான ஓலசுண்டில் இறங்குவதுதான் வசதி. ட்ரோல்ஸ்டிகன் மலைப்பாதையை நம்பித் திட்டம் போடுவதும் ஆபத்து: 2024இல் பாறைகள் சரிந்ததால் சீசன் நடுவிலேயே மூடிவிட்டார்கள்.

நானாக இருந்தால் முதல் நாள் இ16 சாலையில் வோஸ் வழியாக ஃப்ளோம் போய்ச் சேருவேன். நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும், ஆனால் நிற்காமல் ஓட்ட உங்களால் முடியாது. இரண்டாம் நாள் மாலை வரை காருக்கு ஓய்வு. ஃப்ளோமிலிருந்து குட்வாங்கனுக்கு மின்சாரப் படகு, இரண்டு மணி நேரம். அது போகும் நாரோய்ஃபியோர்டு 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மிகக் குறுகலான இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். இந்தப் படகில் காரை ஏற்ற முடியாது, அதனால் திரும்பிவர பஸ்தான். சுரங்கம் வழியாக இருபதே நிமிடம். மாலையில், டூரிஸ்ட் பஸ்கள் இறங்கிப் போன பிறகு, ஸ்டேகாஸ்டைன் காட்சி மேடைக்குக் காரில் ஏறுங்கள். ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே, மலையிலிருந்து 30 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஜூன் மாதம் என்றால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை.

மூன்றாம் நாள் வோஸ் வந்து, ஹார்டாங்கர் பாலம் தாண்டி ஐட்ஃபியோர்டு. 182 மீட்டர் விழும் வோரிங்ஃபோசன் அருவியின் மேல் 2020இல் நடைபாலம் கட்டியிருக்கிறார்கள். நான்காம் நாள் நூர்ஹைம்சுண்ட் பக்கம் பெர்கன் திரும்பலாம். அங்கே ஸ்டைன்ஸ்டால்ஸ்ஃபோசன் என்ற அருவிக்குப் பின்னால் நடந்து போகலாம், ஓரளவு நனையாமலே.

இந்திய லைசென்ஸ் போதுமா? (சென்னை)

சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் மூன்று மாதம் வரை சொந்த நாட்டு லைசென்ஸில் ஓட்டலாம். ஆனாலும் கார் வாடகை கவுண்டரில் வாதாடிக்கொண்டு நிற்காமலிருக்க, ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் செல்லும். அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும்.

காகிதத்தைவிட எனக்குக் கவலை வேறு. சாலையில் வலப்பக்கம் போக வேண்டும், காரில் இடப்பக்கம் உட்கார வேண்டும், கியர் வலது கையில். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று புக் செய்யும்போதே குறிப்பிடுங்கள். நம்மவர்கள் தடுமாறும் இன்னொரு விதி: மஞ்சள் டைமண்ட் பலகை வைத்த முன்னுரிமைச் சாலையில் நீங்கள் இல்லையென்றால், வேறு பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வரும் காருக்கு வழிவிட வேண்டும், அது எவ்வளவு சின்னச் சந்தானாலும். பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். 135 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். மது வரம்பு ரத்தத்தில் 0.02 சதவீதம். ஓட்டுபவர் ஒரு பீர்கூடக் குடிக்கக் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்குச் சுரங்கம் என்றாலே மூச்சு முட்டும். 24 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்று இருக்கிறதாமே? (லண்டன்)

இருக்கிறது. ஃப்ளோமுக்குப் பக்கத்து ஊரான அவுர்லாண்டுக்கும் லார்டாலுக்கும் நடுவே, 2000இல் திறந்தது, 24.5 கி.மீ. உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம். கடக்க இருபது நிமிடம் ஆகும். சலிப்பும் பயமும் தெரியாமலிருக்க நடுவில் மூன்று இடங்களில் குகைபோல அகலமாக்கி நீல வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். நான் மேலே சொன்ன வழியில் இது வராது. லார்டால் பக்கம் போக ஆசையிருந்தால், கோடையில் மலைமேல் அவுர்லாண்ட்ஸ்ஃபியலெட் என்ற பழைய பாதை உண்டு. 1,300 மீட்டர் உயரம், ஜூனிலும் ஓரத்தில் பனிச்சுவர் நிற்கும். சுரங்கத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஆனால் குட்வாங்கனுக்கும் ஃப்ளோமுக்கும் இடையில் 11.4 கி.மீ. சுரங்கத்தைத் தவிர்க்கக் கார்ப் பாதை இல்லை. அவரைப் படகில் அனுப்பிவிட்டு நீங்கள் காரை ஓட்டிப் போய் ஃப்ளோமில் ஏற்றிக்கொள்ளலாம். ஹார்டாங்கர் பாலத்தின் இரு முனைகளிலும் மலைக்குள்ளேயே ரவுண்டானா இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாலைச் சுங்கம், ஃபெரிக்கெல்லாம் காசு எப்படிக் கொடுப்பது?

எங்கும் நிறுத்த வேண்டாம். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். வாடகை நிறுவனம் பிறகு உங்கள் கார்டில் எடுக்கும். பெரும்பாலான ஃபெரிகளும் இப்படித்தான்: வரிசையில் நின்று, ஏறி, ஹேண்ட்பிரேக் போட்டால் போதும், முன்பதிவு கிடையாது. கெய்ராங்கர்–ஹெல்லசில்ட் போன்ற சுற்றுலா ஃபெரிக்கு மட்டும் கோடையில் முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள்.

மே மாதமா, அக்டோபரா? (சிங்கப்பூர்)

இரண்டில் ஒன்று என்றால் மே கடைசி. ஹார்டாங்கரில் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும், பனி உருகி அருவிகள் நிறைந்திருக்கும். உயரமான மலைப்பாதைகள் சில அப்போதும் மூடியிருக்கலாம். நார்வே சாலைத் துறையின் இணையதளத்தில் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அக்டோபரில் உச்சிகளில் பனி விழத் தொடங்கிவிடும். மழை? பெர்கனில் எந்த மாதம் போனாலும் உண்டு.

மின்சாரக் கார் எடுக்கலாமா?

தாராளமாக. அங்கே 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள்தான். சார்ஜருக்குப் பஞ்சமில்லை. மலை இறங்கும்போது பேட்டரி கொஞ்சம் ஏறவும் செய்யும்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி? (மதுரை)

ஓட்டலை நம்பாதீர்கள். கிடைப்பது குறைவு, விலை அதிகம். கேம்பிங் இடங்களில் சமையல் மூலையோடு சின்ன மரவீடுகள் வாடகைக்குக் கிடைக்கும்; போர்வை, விரிப்பு தருவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசி, காய்கறியைக் கிவி, ரேமா 1000 போன்ற கடைகளில் சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். ஞாயிறன்று பெரிய கடைகள் பெரும்பாலும் திறக்காது.

காரை பெர்கனில் எடுத்து ஓஸ்லோவில் விடலாமா?

விடலாம். அதற்கான தனிக் கட்டணத்தைப் பார்த்தபிறகு பெர்கனுக்கே திரும்பிவிடுவீர்கள்.