மனைவி வேறொருவருடன் இருக்கவேண்டும் என்று கணவரே விரும்பினால் அது நோயா? நான் சம்மதித்தால் அதிகாரம் என் கையில்தானே இருக்கும்?

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. நோய் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களைப் பட்டியலிடும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, வழக்கத்துக்கு மாறான பாலியல் விருப்பத்தையும் பாலியல் கோளாறையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. விருப்பம் ஒருவரை வதைத்தாலோ, சம்மதிக்காத இன்னொருவர் அதில் இழுக்கப்பட்டாலோதான் கோளாறு. ஜஸ்டின் லெமில்லர் என்ற உளவியலாளர் 4,175 அமெரிக்கர்களிடம் அவர்களுடைய கற்பனைகளைக் கேட்டு 2018இல் வெளியிட்டார். ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களும் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரும் இந்தக் கற்பனை தமக்கு வந்ததுண்டு என்றார்கள். கற்பனை வந்தவர்கள் எல்லாரும் அதைச் செய்து பார்த்தவர்கள் என்று நான் சொல்லவில்லை.

இரண்டாம் பாதியைப் படித்த பிறகு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. "அதிகாரம் என் கையில்தானே?" என்று நானும் ஏழு ஆண்டுகளுக்கு முன் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

உங்கள் கணவர் அன்பானவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். மிரட்டுகிறவராக இருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு உதவாது. அதற்குப் பெயர் வன்முறை.

என் கணவர் இதைச் சொன்னபோது எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். விளக்கை அணைத்த பிறகு, என் பக்கம் திரும்பாமல் சொன்னார். குரல் நடுங்கியது. பகல் முழுவதும் அலுவலகத்தில் முடிவெடுக்கிறவர் அவர். வீட்டில் கடிவாளத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கவேண்டும் என்றார். என்னை இழந்துவிடுவேனோ என்று நினைக்கும்போது வயிறு கலங்குகிறது, அந்தக் கலக்கமே ஆசையாக மாறிவிடுகிறது என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை. தன்னைப் பற்றிய ஓயாத நினைப்பிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கும் வழியாக இத்தகைய அடங்கல் அமையும் என்று ராய் பௌமைஸ்டர் என்ற உளவியலாளர் 1988இல் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது, அது என் கணவரைப் பார்த்து எழுதியதைப் போலவே இருந்தது.

ஆறு மாதம் பேசினோம். யார், எங்கே, எந்தச் சொல்லைச் சொன்னால் எல்லாம் அந்த நொடியே நிற்கவேண்டும், மறுநாள் காலை எவ்வளவு நேரம் ஒதுக்கிப் பேசவேண்டும் என்று எல்லாவற்றையும் முடிவு செய்தோம். "அவசரப்பட்டிருப்பீர்கள்" என்று எழுத வருபவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். அவசரப்படவில்லை. இருமுறை நடந்தது. முதல் முறை எனக்குப் பிடிக்கவும் செய்தது. அதை மறைத்து நல்ல பெயர் வாங்க விரும்பவில்லை.

மூன்றாம் முறை நானும் அந்த மனிதரும் ஒரு விடுதியின் வரவேற்புக் கூடத்தில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தோம். அவருடைய தாய் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவரும் அறைக்கு அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. விடைபெற்று வீடு திரும்பினேன். கதவைத் திறந்த கணவரின் முகத்தில் அப்படி ஓர் எதிர்பார்ப்பு. நான் உட்கார்ந்து, நடக்காத ஒன்றை நடந்ததாகக் கற்பனை செய்து சொன்னேன். அவர் எந்த இடத்தில் என்ன கேட்பார் என்று எனக்கு மனப்பாடம். அதற்கேற்ப நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கணவருக்கு அனுப்பவேண்டிய செய்தி, அவரைத் திட்டவேண்டிய சொற்கள், திரும்பி வரவேண்டிய நேரம் எல்லாம் அவரே வகுத்தவை. அரசி வேடம் எனக்கு, வசனம் அவருடையது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். வலியிலும் அடங்கிப்போவதிலும் இன்பம் காண்பதைக் குறிக்கும் மாசோகிசம் என்ற சொல் யார் பெயரிலிருந்து வந்ததோ அந்த லியோபோல்ட் ஃபான் சாக்கர்-மாசோக், 1869இல் ஃபேனி பிஸ்டர் என்ற பெண்ணுக்கு ஆறு மாதம் அடிமையாக இருப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தத்தில் எஜமானிக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அவள் முடிந்தபோதெல்லாம், குறிப்பாகக் கொடுமை செய்யும்போது, மென்மயிர் ஆடை அணியவேண்டும். எஜமானி என்ன உடுத்தவேண்டும் என்று விதிக்கும் அடிமை! அவர் பிறகு மணந்த பெண், வேறு ஆண்களிடம் போகும்படி கணவர் தன்னை எப்படி ஓயாமல் நச்சரித்தார் என்று 1906இல் வெளியான நினைவுக் குறிப்புகளில் எழுதினார். கணவரின் பெயர் அகராதியில் ஏறிவிட்டது. அந்தப் பெண்ணின் சலிப்புக்கு இன்றுவரை யாரும் பெயர் வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து உண்மையைச் சொன்னேன். அவர் கொதித்துப்போனார். "என்னை ஏமாற்றிவிட்டாய்" என்றார். வேறொருவருடன் இருந்ததற்காக ஒருநாளும் கோபப்படாதவர், இல்லாததற்காக நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் நான் அந்த நிறுத்தச் சொல்லைச் சொன்னேன். அதுவரை நாங்கள் அதைப் படுக்கையறைக்கானது என்றே நினைத்திருந்தோம். நான் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னேன்.

ஆலோசகரிடம் போனோம். நான் கேள்வி கேட்பேன், அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொல்வார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லை, தெரியும். ஆனாலும் சொல்லியாகவேண்டும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோதும் இதேதான். சம்பளச் சீட்டு என்னுடையது, கடன் என் பெயரில், அதிகாரி விவரம் கேட்டதெல்லாம் என் கணவரிடம். என் மூன்று கையெழுத்துகள் போகவேண்டிய இடங்களை விரலால் காட்டியபோதுதான் என்னைப் பார்த்தார். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இரண்டு முறைக்குமேல் அந்த ஆலோசகரிடம் நான் போகவில்லை.

எங்களைக் காப்பாற்றியது என் கணவர் தாமாகவே கேட்ட ஒரு கேள்வி. மூன்று வாரம் கழித்து, "இதில் உனக்கு என்ன வேண்டியிருந்தது?" என்றார். ஒன்றரை ஆண்டில் அதை அவர் கேட்டது அதுவே முதல் முறை. மூன்றாவது மனிதர் வேண்டாம், ஆனால் நீங்கள் அடங்கியிருக்கும் இரவுகள் எனக்குப் பிடித்திருக்கின்றன, அதில் வசனம் என்னுடையதாக இருக்கட்டும் என்றேன். அது இன்றும் தொடர்கிறது. சில இரவுகளில் நான் ஒன்றுமே கேட்பதில்லை, தூங்கிவிடுகிறேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளக் கற்க ஓராண்டு ஆயிற்று.

மூன்று பேரும் மகிழ்ச்சியாக இருக்கும் வீடுகளும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த மூன்றாவது மனிதரைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவரும் ஆள்தான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தாயை இழந்தவரை வைத்து நான் கதை கட்டினேன். பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை, வரவேண்டியதும் இல்லை.

நீங்கள் இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒருமுறை "இப்போது வேண்டாம்" என்று சொல்லுங்கள், காரணம் எதுவும் சொல்லாமல். பிறகு ஒரு மாதம் அவர் உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். முகம் சுளிக்கிறாரா, அதே பேச்சை வேறு வாசல் வழியாகக் கொண்டுவருகிறாரா, உங்கள் தேநீரை வழக்கம்போல் உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறாரா என்று பாருங்கள்.