வன்னியில் தனியே இருக்கும் அப்பாவைப் பார்க்க நல்ல ஆளை எப்படித் தேடுவது, எப்படி நிற்க வைப்பது?

நீங்கள் வெளிநாட்டில் இருந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"பெற்ற பிள்ளை பார்க்காமல் ஆள் வைப்பதா" என்று எழுத வருகிறவர்கள் முழுதும் வாசித்துவிட்டு எழுதுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம்கூடப் பெற்றோரைக் கைவிடக்கூடாது என்கிறதே தவிர, ஆள் வைக்கக்கூடாது என்று சொல்லவில்லை. நான் ஆசிரியை. காலை ஏழு மணிக்கு இறங்கினால் இரண்டரைக்குத்தான் வீடு. அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்துவிட்டது. அந்த ஏழரை மணித்தியாலத்துக்கு எனக்கு ஒருவர் வேண்டும்.

தேடுவது அவ்வளவு பெரிய வேலை இல்லை. பராமரிப்புப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் பலர் இஸ்ரேல், யப்பான் என்று போகத்தான் பார்க்கிறார்கள். அது பிழையும் இல்லை. உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடந்தவரைப் பராமரித்தார் என்று அவருக்குத் தெரியும். தருமபுரத்தில் இப்போது அம்மாவைப் பார்க்கும் அக்காவை எங்களுக்குக் காட்டியது அவர்தான்.

அக்கா 2009 இல் கணவரை இழந்தவர். மாமியாரைப் படுக்கையில் வைத்து மூன்று வருடம் பார்த்தவர். நான் சான்றிதழ் கேட்கவில்லை, அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னேன். இழுத்த கையைத் தொட்டு இழுக்கவே இல்லை. பெட்சீற்றை மடித்து இடுப்புக்குக் கீழே கொடுத்து, அதைப் பிடித்து மெதுவாக உருட்டினார். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. குதிக்கால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த சாரம். "ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பவேணும் ரீச்சர்" என்றார். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு நடந்தது என் பிழை. புதன்கிழமைகளில் பத்து மணிக்கு அக்கா ஒரு மணித்தியாலம் காணாமல் போகிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கனடாவில் இருக்கும் அண்ணாவிடம் சொன்னேன். அவர் கமரா பூட்டச் சொன்னார், பூட்டினேன். அக்கா அண்ணாந்து பார்த்தார். "நான் அம்மாவைக் கழுவுறதையும் அங்க இருந்து பாப்பினமோ?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் வரவில்லை.

கமரா வைக்கிற எல்லோரையும் குறை சொல்லவில்லை. உங்களுக்கு வேறு காரணம் இருக்கலாம். ஆனால் நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து வந்த பிள்ளை நல்ல பிள்ளைதான், பழக்கம் இல்லை. பத்து நாளில் அம்மாவின் நாரிக்குக் கீழே சிவந்துவிட்டது. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"புதன்கிழமை கடன்காரர் வருவினம் ரீச்சர். அஞ்சு பேர் குழு. நான் கட்டாட்டி மற்ற நாலு பேரும் கட்டவேணும்."

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போர் முடிந்ததும் நுண்கடன்காரர்கள் ஏ9 வீதியால் வந்து எங்கள் பெண்களைக் குழுக்குழுவாகச் சேர்த்தார்கள். கோழி வளர்க்க, கடை போட என்று கொடுத்தார்கள். பிறகு கிழமைக்குக் கிழமை முற்றத்தில் வந்து குந்தியிருந்து, அயலவர் பார்க்கக் காசு கேட்டார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்து ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவர்கள் எத்தனை பேர். 2018 இல் வறட்சி மாவட்டங்களில் அந்தக் கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. அக்காவின் கடன் அதற்குப் பிறகு எடுத்தது.

நான் மாதக் கடைசியில் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவருக்கோ ஒவ்வொரு புதனும் காசு வேண்டும். இப்போது செவ்வாய் பின்னேரம் கிழமைச் சம்பளம் கையில் கொடுக்கிறேன். புதன் பத்திலிருந்து பதினொன்றரை வரை பக்கத்து வீட்டு மாமி வந்து இருப்பார். உங்கள் அப்பாவுக்கு ஆள் வைத்தால் முதல் கிழமையே கேளுங்கள்: எந்த நாள் காசு வேண்டும், எந்த நாள் போகவேண்டும் என்று.

கமராவைக் கழற்றிவிட்டேன். அண்ணா இப்போது அக்காவின் போனுக்கே எடுக்கிறார். அக்கா போனை அம்மாவின் வலப்பக்கமாகப் பிடிக்கிறார். அந்தப் பக்கம்தான் அம்மா நன்றாகத் திரும்புவார்.